முட்டும் மாட்டின் சட்டம்

யூதர்களின் தோராவில் இரண்டாவது நூலாகிய யாத்திராகமத்தில், 20ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி முதல் 23ஆம் அதிகாரம் வரை அமைந்த சட்டத் தொகுதி ‘உடன்படிக்கை நூல்’ எனப்படும். சீனாய் மலையில் மோசேக்கு அருளப்பட்டதாக மரபு கூறும் இதனை, தோராவின் சட்டத் தொகுதிகளுள் மிகப் பழையதாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இதன் தோற்றம் பற்றிய விவாதத்தில் அடிக்கடி சான்று காட்டப்படுவது, 21ஆம் அதிகாரத்தில் மனிதரை முட்டிக் கொல்லும் மாட்டைப் பற்றி வரும் விதியாகும்.

அவ்விதியின்படி கொன்ற மாடு கல்லெறிந்து கொல்லப்பட வேண்டும், அதன் இறைச்சியை உண்ணலாகாது, உரிமையாளன்மீது குற்றமில்லை. மாடு முன்பே முட்டும் பழக்கமுடையதாக இருந்து, எச்சரிக்கப்பட்டும் அவன் அதைக் கட்டிக் காக்காவிடில், அவனும் சாவுக்குரியவன். எனினும் மீட்புப் பணம் விதிக்கப்பட்டால் அதைச் செலுத்தி உயிர் தப்பலாம். இறந்தவர் அடிமையானால், ஆண்டைக்கு 30 சேக்கல் வெள்ளி கொடுபடும்.

1901–02இல் ஈரானின் சூசாவில் பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் கற்றூண் அகழ்ந்தெடுக்கப்பட்டபோது, கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் 250 முதல் 252 வரையான பிரிவுகளில் இதே வழக்கு, இதே எச்சரிக்கை நிபந்தனையுடன் காணப்பட்டது. தற்செயலான ஒற்றுமை என்று இதனைத் தள்ள இயலாது. ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெக்ட் ஆல்ட் 1934இல், ‘ஒருவன் இன்னது செய்தால் இன்னது தண்டனை’ என்னும் வழக்குவழிச் சட்டங்கள் கானானியரிடமிருந்து பெறப்பட்டவை என்றும், ‘செய்யாதே’ எனக் கட்டளையிடும் சட்டங்களே இஸ்ரவேலுக்கு உரியவை என்றும் வகுத்தார். விவிலிய ஆய்வாளர் டேவிட் ரைட் 2009இல் வெளியிட்ட நூலில், அசீரிய ஆதிக்கக் காலத்து எபிரேய எழுத்தர்கள் ஹம்முராபியின் தொகுதியையே நேரடியாக மாதிரியாகக் கொண்டனர் என வாதிட்டார். இவ்வாதத்துக்கு ஓர் இடறல் உண்டு: ஒரு மாடு மற்றொன்றைக் கொன்றால் உயிருள்ளதை விற்ற பணத்தையும் செத்ததையும் இரு உரிமையாளரும் பங்கிட வேண்டும் என்ற யாத்திராகம விதிக்கு ஹம்முராபியிடம் இணையில்லை, பாக்தாத் அருகே தெல் ஹர்மலில் கிடைத்த, அதனினும் பழைய எஷ்னுன்னாச் சட்டங்களின் 53ஆம் பிரிவில்தான் இருக்கிறது. ஆகவே ஒரே நூலைப் பார்த்து எழுதியதாகக் கொள்வதைவிட, மேற்காசிய எழுத்தர் பள்ளிகளில் தலைமுறைகளாகப் பயிலப்பட்ட பொதுவான சட்டக் கல்வியின் வழி வந்ததாகக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

எனினும் யாத்திராகமத்தைப் போலன்றி, மெசபொத்தேமியச் சட்டங்கள் எவையும் மாட்டைத் தண்டிப்பதில்லை. அங்கே வழக்கு இழப்பீட்டோடு முடிகிறது. மனித இரத்தத்துக்கு விலங்கிடமும் கணக்குக் கேட்கப்படும் என்ற ஆதியாகமக் கருத்தே எபிரேய விதியின் வேர் என விவிலிய அறிஞர் மோஷே கிரீன்பெர்க் 1960இல் விளக்கினார். உயிருக்கு விலை பேசலாகாது என்பதே விவிலியக் குற்றவியலின் அடிப்படை என்ற அவரது முடிவோடு மீட்புப் பணம் முழுதும் இசையவில்லை. அதனை அவர் கொலைநோக்கம் இல்லாத வழக்குக்குரிய விலக்காகக் கொண்டார். ஆனால் அடிமை இறந்தாலும் மாடு சாகவே வேண்டும் என்பது அவருக்கு வலுவான சான்று.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் வாய்மொழிச் சட்டத் தொகுப்பு, மாட்டைச் சாதுவானது, ‘முட்டுவதாக மும்முறை சாட்சி சொல்லப்பட்டது’ என இரண்டாகப் பிரித்து, பொருட்சேதத்தில் முன்னதற்குப் பாதி ஈட்டையும் பின்னதற்கு முழு ஈட்டையும் விதித்தது. உரிமையாளனின் சாவை, மிஷ்னாவை விளக்கும் தல்மூத்தின் அறிஞர்கள் நீதிமன்றத் தண்டனையாகக் கொள்ளாமல் இறைவன் கையில் விட்டனர். மாட்டுக்கோ, மனிதரின் மரணதண்டனை வழக்குகளை விசாரிக்கும் அதே 23 நீதிபதிகள் கொண்ட மன்றத்தையே மிஷ்னா ஏற்படுத்தியது.