பொதுக் கடற்கரையில் யார் பொது?

‘கடற்கரைக்குப் போறதுல என்னங்க அரசியல்?’ என்று கேட்பவர்கள் உண்டு. காலாற நடக்கிறோம், காத்து வாங்குறோம், பிள்ளைங்க தண்ணியில ஆடுதுங்க, வீடு திரும்புறோம். அவ்வளவுதானே? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கரையை ஒட்டிய ஜெக்கில் தீவு இன்று சுற்றுலாவுக்குப் பேர்போன ஒரு மாநிலப் பூங்கா. அதன் வரலாற்றைப் பார்த்தால் ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லை அத்தனை எளிதாகச் சொல்லிவிட முடியாது.

1858 நவம்பர் 28 அன்று இத்தீவில் ‘வாண்டரர்’ என்ற கப்பல் வந்து சேர்ந்தது. பணக்காரர்களின் உல்லாசப் பயணத்துக்கென்று கட்டப்பட்டு, பின் அடிமை வணிகத்துக்கு மாற்றப்பட்ட கப்பல் அது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808-லேயே தடை செய்யப்பட்டிருந்தது. ஆனாலும் சுமார் 400 பேர் உயிரோடு இறக்கப்பட்டார்கள். ஏற்றப்பட்ட மற்றவர்கள் நடுக்கடலில் மாண்டுபோனார்கள். வழக்கு நடந்தது. அடிமை வணிகத்துக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

1886-இல் வடக்கத்திப் பெருமுதலாளிகள் தீவை வாங்கித் தங்கள் குளிர்கால மனமகிழ் மன்றமாக்கிக்கொண்டார்கள். மார்கன், ராக்கஃபெல்லர், புலிட்சர் எல்லாரும் உறுப்பினர்கள். இவர்களுக்குச் சமைத்தும் துவைத்தும் போட்டவர்களில் கறுப்பர்கள் ‘ரெட் ரோ’ என்ற தனிக் குடியிருப்பில் வைக்கப்பட்டார்கள். ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் உழைப்பு என்பதற்கு இங்கே தத்துவம் தேவையில்லை, தீவின் வரைபடமே போதும்.

மன்றம் 1942-இல் மூடியது. 1947-இல் ஜார்ஜியா அரசு 6,75,000 டாலருக்குத் தீவைக் கையகப்படுத்தியது. கோடீஸ்வரர்களின் தீவு இனி சாதாரண மக்களுக்கு என்றார்கள். மண்ணைத் திருத்தவும் சாலை போடவும் சிறைக் கைதிகளை இறக்கினார்கள். 1954-இல் தீவைக் கரையோடு இணைக்கும் பாலம் திறந்தது. சரி, எந்த மக்களுக்கு? வெள்ளையருக்கு. கறுப்பரின் வரிப்பணமும் இந்தப் பூங்காவில் இருந்தது. ஆனால் அவர் அங்கே வேலைக்காரராக வரலாம், விருந்தாளியாக வரக்கூடாது.

கறுப்பர்கள் கேட்டுப் போராடிய பின் 1950-இல் தீவின் தென்கோடியில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரை அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஜார்ஜியாவில் கறுப்பர்கள் போக முடிந்த முதல் பொதுக் கடற்கரை இதுதான். கடலை ஒட்டிய ஒரு மாநிலத்தின் பொதுக் கடற்கரையில் அவர்கள் கால் நனைக்க 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1955-இல் அங்கே ஒரு கூடாரக் கட்டடம் வந்தது. அதே ஆண்டு, பால்டிமோர் கடற்கரை வழக்கிலும் அட்லாண்டா கோல்ஃப் மைதான வழக்கிலும், பொதுப் பொழுதுபோக்கு இடங்களில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. அட்லாண்டா இதே ஜார்ஜியாவின் தலைநகர்தான். ஆனாலும் ஜெக்கிலில் பிரிவினை ஒழிய 1964 ஆயிற்று. இடையே 1959-இல், கறுப்பர்களுக்கென ‘டால்ஃபின் கிளப்’ தங்கும் விடுதி தென்கோடியில் திறக்கப்பட்டது. சமத்துவம் தராமல் தள்ளிப்போட, தனியாக ஒன்றைக் கட்டிக் கொடுப்பது அதிகாரத்தின் பழைய உத்தி.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட கடற்கரை அவமானம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவமானமாகக் கொடுக்கப்பட்ட இடத்தை அந்த மக்கள் அவமானமாகவே வைத்திருக்கவில்லை. குடும்பங்கள் வந்தன, தேவாலயக் கூட்டங்கள் வந்தன, இரவுகளில் இசை நிறைந்தது. வெள்ளைக் கண் தங்களை அளக்காத ஓர் இடம் கிடைத்தது. இதை மறந்து ‘பாவம், ஒடுக்கப்பட்டவர்கள்’ என்று மட்டும் எழுதுவது இன்னொரு வகை ஒதுக்கல். அதையே பெரிதாகப் பாடி, பிரிவினையிலும் ஒரு நன்மை இருந்தது என்று முடிப்பது அதைவிட மோசம். ஓய்வெடுக்கும் உரிமையைத் தங்கள் உடம்பாலேயே நிலைநாட்டியவர்களின் வரலாறு இது என்று படிப்பதே சரி.

1964-க்குப் பிறகு நடந்தது இன்னும் சிக்கலானது. தீவு முழுக்கத் திறந்தது. 1966-இல் டால்ஃபின் கிளப் மூடப்பட்டது. ‘ஒன்றுகலத்தல்’ என்றால் கறுப்பர்கள் வெள்ளையரின் இடத்துக்குப் போவது என்று மட்டும்தான் பொருள் கொள்ளப்பட்டது. கறுப்பர்கள் உருவாக்கிய இடத்தைப் பொதுவாக்கிக் காப்பாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ‘பொது’ என்பதன் அளவுகோல் அப்போதும் வெள்ளையாகவே இருந்தது.

செயின்ட் ஆண்ட்ரூஸில் வாண்டரரில் வந்தவர்களுக்கு 2008-இல் நினைவுச்சின்னம் வைத்தார்கள். 2018-இல் அவர்கள் கதையைச் சொல்லும் நினைவுப் பாதையும் திறந்தது. நல்லதுதான். தீவுக்குள் நுழைய இன்று நிறம் கேட்பதில்லை. வாகனத்துக்குக் கட்டணம் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் இது எல்லாருக்குமான இடம் என்று பலகை வைக்கிற எந்தப் பூங்காவிலும், அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே வர முடியாதவர் யார் என்று கேட்டுப் பார்க்கலாம். ஜெக்கிலில் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் அரசோ அறிஞர்களோ இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போக நினைத்த சாதாரண ஜனங்கள்தான்.