தத்தும் வளர்ப்பும்



திருவில்லிபுத்தூரில் விஷ்ணுசித்தர் தம் நந்தவனத்துத் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண் மகவைக் கண்டெடுத்தார் என்பது வைணவ மரபு. கோதை எனப் பெயரிட்டு மகளாகவே வளர்த்தார். அவளும் தன் பாசுரங்களின் முத்திரை அடிகளில் தன்னை அவருடைய கோதை என்றே சொல்லிக்கொள்கிறாள். பக்தியைச் சற்றே ஒருபுறம் வைத்து, சட்டம் பயில்வோரைப் போல் ஒரு கேள்வி கேட்போம். நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஓர் உறவு நீதிமன்றத்துக்கு வந்திருந்தால், கோதை விஷ்ணுசித்தரின் மகள் எனத் தீர்ப்பாகியிருக்குமா?

ஆகியிராது. பழைய இந்து சட்டத்தில் சுவீகாரம் என்பது பிண்டம் இடவும் குலம் தழைக்கவும் ஏற்பட்டது. ஆகவே, பொதுவிதியாக ஆண் பிள்ளையை மட்டுமே சுவீகாரம் செய்யலாம். இது ஒரு தடை. மற்றது இன்னும் கடுமையானது. தத்து என்னும் சொல்லைப் பாருங்கள். தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது என்பது பொருள். நாம் ‘எடுப்பது’ என்கிறோம். சட்டமோ கொடுப்பதையே உயிராகக் கொண்டது. கொடுக்கும் உரிமை பெற்ற தந்தைக்கு உண்டு. அவர் இல்லையேல் தாய்க்கு உண்டு. வேறு எவருக்கும் இல்லை. பெற்றவர் கையால் கொடுத்து ஏற்பவர் கையால் வாங்கும் அந்தக் கணத்தில்தான் பெற்றவரின் உரிமை அற்றது. கொடுப்பார் இல்லாத அநாதைக் குழந்தையைத் தத்தெடுக்கவே வழியில்லை. வீடு எந்தக் குழந்தைக்கு மிகமிக வேண்டியதோ, அந்தக் குழந்தைக்கே கதவு சாத்தியிருந்தது!

வளர்ப்பு வேறு, தத்து வேறு. வகுப்பில் மாணவர் பலர் இரண்டையும் ஒன்றென எண்ணக் கண்டிருக்கிறேன். அடுத்த ஊரான இராஜபாளையத்தில் 1898-இல் பிறந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா, இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். 1949-இல் சென்னை மாகாணத்தின் முதல்வரானவர். பாட்டி வளர்த்ததால் அவர் பெற்றோரின் மகன் என்னும் நிலை மாறவில்லை. தத்துப் போனவனுக்கோ பிறந்த வீட்டில் வாரிசுரிமையே போய்விடும்.

சொத்து இருந்த இடத்தில் வழக்கும் இருந்தது. இராமநாதபுரம் ஜமீனின் விதவை ராணி பர்வதவர்த்தனி நாச்சியார், கணவரின் அனுமதியின்றி, ஞாதிகளின் இசைவோடு ஒரு பிள்ளையைச் சுவீகாரம் செய்தார். செல்லாது என்று எதிர்த்தவர் மதுரைக் கலெக்டர். வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை சென்றது. 1868-இல் ராணியின் சுவீகாரம் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. தென்னாட்டு விதவையர் பலருக்கு அது வழி திறந்தது. ஆயினும் அவ்வழக்கில் எவரும் குழந்தையின் நலத்தைக் கேட்கவில்லை. ஜமீன் யாருக்கு என்பதே கேள்வி.

1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது. முறைப்படி நிகழ்ந்த தத்தை எவரும் ரத்து செய்ய முடியாது என்றும் விதித்தது. பெற்றோர் யாரென அறியப்படாத குழந்தையை, நீதிமன்ற அனுமதியுடன் பாதுகாவலர் தத்துக் கொடுக்கலாம் எனத் தெளிவாகச் சொன்னது 1962-இன் திருத்தம். துளசியடிக் குழந்தை சட்டப்படி மகளாவதற்கு அத்தனை காலம் பிடித்தது. மணமான பெண், கணவரின் இசைவோடு தன் பெயரில் தத்தெடுக்க 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ எம்மதத்தாருக்கும் பொதுவானது. குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறி மீட்டுக்கொள்ள இரண்டு மாத அவகாசம் தருகிறது. கண்டெடுத்த குழந்தையைப் பற்றிக் குழந்தைகள் நலக் குழு விசாரித்து, உரியவர் எவரும் இல்லையென உறுதி செய்த பின்னரே தத்துக்குத் தகுதியுடையதென அறிவிக்கிறது. இச்சட்டப்படி தத்து ஆணை இடும் அதிகாரம் 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு மாறியது. அவர் வேறு யாருமல்லர். அன்று ராணியை எதிர்த்து வழக்காடிய அதே கலெக்டர் பதவியில் இருப்பவர்தாம்.