தம்புள்ளைக் கரட் தம்புள்ளையில் விளைவதில்லை



வெளியூர்ச் சொந்தங்கள் "உங்கட ஊர்க் கரட்" என்று சொல்லும்போது நாமும் மறுப்பதில்லை. ஆனால் எங்கள் ஊர் வெயிலில் கரட் நன்றாகத் திரளாது. அது நுவரெலியா, வெலிமடைப் பக்கத்திலிருந்து லொறியில் வருவது.

அங்கேயும் அது பூர்வீகப் பயிரல்ல. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் பண்ணைக் குடியேற்றம் ஒன்றைத் தொடங்கினார். ஆட்களும் மாடுகளும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. குளிர் ஒத்துக்கொண்டது, மண் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் பயிர்களைப் புழுக்களும் மரைகளும் காட்டுப்பன்றிகளும் அழித்தன. மாட்டெரு போட்டுத்தான் மண்ணைத் தேற்றினார்கள். 1855இல் பேக்கர் நாட்டை விட்டுப் போனார், மரக்கறி தங்கிவிட்டது. (சில பெயர்கள் அவருக்கும் முந்தியவை. கோவா போர்த்துக்கேயரிடமிருந்தும் போஞ்சி ஒல்லாந்தரிடமிருந்தும் வந்த சொற்கள்.)

அப்படியானால் தம்புள்ளைக்கு ஏன் இந்தப் பெயர்? கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியும் திருகோணமலைக்குப் போகும் ஏ6 வீதியும் சந்திக்கும் இடம் இது. 1999இல் விசேட பொருளாதார மத்திய நிலையம் இங்கே திறக்கப்பட்டதும், மலைநாட்டுக் கரட்டும் வரண்ட பிரதேசத்துப் பூசணியும் ஒரே கூரையின் கீழ் வந்தன. நோன்பு வருடத்துக்குச் சுமார் 11 நாட்கள் முன்னே நகர்வதால், கஞ்சிக்குத் துருவும் கரட்டின் விலையும் வருடத்துக்கு வருடம் மாறுவதை நம் வீடுகளில் கவனித்திருப்பீர்கள்.

எமது மண்ணின் சொந்தப் பயிர் என்றால் பெரிய வெங்காயம்தான். 1976இல் பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், போவத்தென்னை வழியாகக் கலாவெவப் பக்கம் திரும்பியது. 1980களில் வெங்காயம் இங்கே பெருகியது. சிறுபோகத்தில் நட்டு, ஓகஸ்ட், செப்டெம்பரில் பிடுங்குவார்கள். அதற்கும் ஒரு குளிர்க் கணக்கு உண்டு. குமிழ் திரள வெயில் போதும். பூத்து விதை தர வேண்டுமானால், அந்தக் குமிழுக்குப் பல வாரக் குளிர் வேண்டும். ஆகவேதான் 'தம்புள்ளை ரெட்' என்று நமக்கென ஓர் இனம் இருந்தும், பல விவசாயிகள் இந்திய விதையை நம்பியிருக்கிறார்கள்.

விதைக்குத்தான் வெளிநாடு என்றால், அறுவடையிலும் அதே தொல்லை. வெங்காயத்தை அதிக நாள் வைத்திருக்க முடியாது, அழுகிவிடும். பிடுங்கும் வாரத்தில் இறக்குமதி வெங்காயம் சந்தையில் நிறைந்திருந்தால், விவசாயி சொல்லும் விலைக்கு மதிப்பில்லை. விசேட பண்ட அறவீட்டைக் கூட்டுவதாக அரசாங்கம் அறிவிக்கும். ஆனால் கப்பல் முன்னமே வந்துவிட்டால், அந்த அறிவிப்பு வயலுக்கு வந்து சேர்வதற்குள் வெங்காயம் விற்று முடிந்திருக்கும்.