கற்காரைச் சாலை எங்கே உடைகிறது?

சாலை நெடுங்காலம் நிலைக்க வேண்டுமானால் அதனைக் கனமாகப் போட வேண்டும் என்பது பொதுவான எண்ணம். கோட்டைச் சுவரையும் அணையையும் கண்டு பழகிய கண்ணுக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும், கான்கிரீட் எனப்படும் கற்காரையால் சாலை அமைக்கும் கலை வளர்ந்த வரலாற்றை நோக்கினால், உண்மை அவ்வளவு எளிதன்று என்பது விளங்கும். பாளம் எத்தனை அங்குலக் கனம் என்னும் கேள்வியைக் காட்டிலும், அது எந்த இடத்தில் உடைகிறது, ஏன் அங்கே உடைகிறது என்னும் கேள்விகளே பொறியியலாரை வழிநடத்தின. விடை காண ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றன. விடையைச் சொன்னவையும் பெரும்பாலும் உடைந்துபோன சாலைகளே.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பெல்பவுண்டன் என்னும் சிறு நகரம் உள்ளது. சிமெண்டு செய்வதற்கு வேண்டிய சுண்ணாம்பும் களிமண்ணும் அவ்வட்டாரத்தில் கிடைத்தமையால் அங்குச் சென்று தொழில் தொடங்கியவர் ஜார்ஜ் பார்த்தலோமியூ என்பவர். 1891-ஆம் ஆண்டில் அவர் பெருந்தெருவில் எட்டடி அகலத்துக்குக் கற்காரை விரித்துக் காட்டினார். அதன்பின் நீதிமன்றத்தைச் சூழ்ந்த தெருக்களையும் அவ்வாறே அமைக்க விரும்பினார். நகர மன்றத்தாருக்கோ நம்பிக்கை பிறக்கவில்லை. 'செயற்கைக் கல்' என்று வழங்கிய அப்பொருள் குதிரைக் குளம்புக்கும் இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரத்துக்கும் தாங்குமா என்று ஐயுற்றனர். பார்த்தலோமியூ சிமெண்டைத் தாமே கொடுத்து, ஐந்தாண்டுக் காலத்துக்குச் சாலை கெடாது என்று 5,000 டாலருக்குப் பிணையும் எழுதித் தந்தார். அதன் பிறகே 1893-இல் வேலை நடந்தது.

அவர் செய்த முறை கவனித்தற்குரியது. தெரு முழுவதையும் ஒரே பரப்பாக வார்க்காமல், ஐந்தடிச் சதுரங்களாக வார்த்தார். அடியில் பருங்கல் சேர்ந்த கலவை. மேலே சிறு கல் சேர்ந்த கலவை. குதிரை வழுக்காதிருக்கப் பரப்பில் கோடுகளும் கீறப்பட்டன. அத்தெருவின் ஒரு பகுதி இன்றும் உள்ளது. ஐந்தாண்டுக்குப் பிணை கேட்ட சாலை நூறாண்டைக் கடந்து நின்றது. சிறு சதுரமாக வார்த்ததே அதற்கு ஒரு பெருங்காரணம் எனலாம். ஆனால் அக்காரணம் பின்வந்தோர் கருத்தில் உடனே பதியவில்லை. 1909-இல் மிச்சிகன் மாநிலத்தின் வெய்ன் வட்டத்தில் ஒரு மைல் நீளத்துக்கு நாட்டுப்புறக் கற்காரைச் சாலை போடப்பட்டது. அதைக் காணப் பல ஊர்களிலிருந்தும் பொறியியலார் வந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் சாலைகள் நீண்டன, இணைப்புகளோ குறைந்தன. இணைப்பே இல்லாமல் வார்த்த சாலைகளும் உண்டு. மனிதன் விட மறந்த இணைப்பைச் சாலை தானே வெடித்து உண்டாக்கிக் கொண்டது.

முதல் உலகப் போரின்போது லாரிகள் பெருகின. கெட்டி ரப்பர் சக்கரம் பூண்ட அவ்வண்டிகள் பல நல்ல சாலைகளைச் சிதைத்தன. இந்நிலையில், 1918-இல் இல்லினாய் மாநில மக்கள் சாலைகளுக்காக ஆறு கோடி டாலர் கடன் எழுப்ப இசைவு தந்து வாக்களித்தனர். கடனை அடைக்கும் முன்பே சாலை அழிந்துவிட்டால் மக்களுக்கு என்ன விடை சொல்வது? மாநிலத் தலைமை நெடுஞ்சாலைப் பொறியாளர் கிளிபர்டு ஓல்டர், சாலையை உடைத்தே பார்த்துவிடுவது என்று துணிந்தார்.

ஸ்பிரிங்பீல்டு நகருக்கு அருகே பேட்ஸ் என்னுமிடத்தில் செங்கல், தார், கற்காரை ஆகியவற்றால் வெவ்வேறு கனத்தில் 63 பகுதிகள் கொண்ட சாலை அமைக்கப்பட்டது. 1922, 1923 ஆகிய ஆண்டுகளில், போரில் எஞ்சிய படை லாரிகள் அதன்மீது ஓடின. சுமை படிப்படியாக ஏற்றப்பட்டது. செங்கற் பகுதிகள் 22-இல் ஒன்றும், தார்ப் பகுதிகள் 17-இல் மூன்றும், கற்காரைப் பகுதிகள் 24-இல் பத்தும் தேறின.

எது வென்றது என்பதைவிட, தோற்றவை எவ்வாறு தோற்றன என்பதே பெரிய செய்தி. கற்காரைப் பாளத்தின் நடுப்பகுதி வலிமையோடிருக்க, மூலைகள் முறிந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது ஒரு விந்தை புலப்பட்டது. பகலில் வெயில்பட்டு மேற்பரப்பு சூடேறி விரிய, பாளத்தின் நடு உயர்ந்து ஓரங்கள் தாழ்கின்றன. இரவில் மேற்பரப்பு குளிர்ந்து சுருங்க, ஓரங்களும் மூலைகளும் மேலெழுகின்றன. அப்பம் வேகும்போது ஓரம் எழும்புவதைப் போன்றதே இது. அளவுதான் மிகச் சிறிது. ஆனால் அச்சிறு எழுச்சியே மூலையை மண்ணிலிருந்து பிரித்துவிடுகிறது. நள்ளிரவில் வரும் லாரியின் சக்கரம், அடியில் தாங்கல் இல்லாத மூலையின்மீது ஏறுகிறது; திண்ணைக்கு வெளியே நீட்டிய பலகையின் நுனியில் ஒருவன் நிற்பதை ஒக்கும் நிலை அது. மூலைக்கு உள்ளே, பாளத்தின் மேற்பரப்பில் வெடிப்பு தோன்றுகிறது.

இதை வைத்து ஓல்டர் ஓர் எளிய கணக்கை வகுத்தார். அதன்படி, சுமை இரட்டித்தால் கனமும் இரட்டிக்க வேண்டுவதில்லை. முன்னதைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு இருந்தால் போதும். நடுவைக் கனமாகவும் ஓரத்தை மெல்லியதாகவும் வார்க்கும் பழக்கம் பலவிடங்களில் இருந்தது. பேட்ஸ் சோதனைக்குப் பிறகு அது தலைகீழாயிற்று. ஓரம் ஒன்பது அங்குலம், நடு ஆறு அல்லது ஏழு அங்குலம் என்றவாறு சாலைகள் எழுந்தன. நெடுகச் செல்லும் நடுவெடிப்பைத் தடுக்க, சாலையின் நடுவே நீள இணைப்பு விடும் வழக்கமும் பரவியது.

சோதனை காட்டியதைக் கணிதத்தால் விளக்கியவர் கோப்பன்ஹேகனில் 1888-இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வெஸ்டர்கார்டு என்னும் பேராசிரியர். 1926-இல் வெளிவந்த கட்டுரையில், பாளத்தின் நடு, ஓரம், மூலை ஆகிய மூன்றிடங்களில் சக்கரம் நிற்கும்போது எழும் தகைவை அவர் தனித்தனியே கணித்தார். ஒரே சக்கரம், ஒரே பாளம். எனினும் நடுவைவிட ஓரத்தில் தகைவு மிகுதி. அடுத்த ஆண்டே வெப்பத்தால் வரும் தகைவையும் கணித்தார். வெர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் 1930-களில் நடந்த அளவீடுகள், நீண்ட பாளங்களில் வெயில் தரும் தகைவு சக்கரம் தரும் தகைவுக்கு இணையாகலாம் என்பதை உறுதி செய்தன. பாளத்தைக் கனமாக்குவதால் இது நீங்கிவிடாது. இணைப்புகளை நெருக்கமாக விடுவதே தக்க வழி.

ஆனால் ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று முளைக்கிறது. இணைப்பு மிகுந்தால் நீர் புகும் வாயிலும் மிகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனவண்டிகள் மிகுந்தபோது, பல சாலைகளின் இணைப்புகளில் சேறு பீய்ச்சியடித்தது. நுண்மண், நீர், பெருஞ்சுமை ஆகிய மூன்றும் கூடினால் இது நேரும். சக்கரம் அழுத்தும்தோறும் நீர் மண்ணைச் சுமந்து வெளியேற, பாளத்தின் அடி குடைவாகிறது. முடிவில் ஒரு பாளம் தாழ்ந்து, வண்டி படியிறங்குவதுபோல் குதிக்கிறது. அடியில் சரளைப் படுகையிடுவதும், இரு பாளங்களையும் எஃகுக் கம்பியால் கோத்துச் சுமையைப் பங்கிடச் செய்வதும் பரிகாரங்கள். கம்பி கோக்கும் முறை 1917-18-லேயே வெர்ஜீனியாவில் கையாளப்பட்டதுதான். அதன் அருமை பின்னரே எங்கும் உணரப்பட்டது.

யாவற்றினும் பெரிய சோதனை இல்லினாயின் ஒட்டாவா நகருக்கருகே 1958 அக்டோபர் முதல் 1960 நவம்பர் வரை நடந்தது. அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் கழகம் நடத்திய இதற்கு 2 கோடியே 70 இலட்சம் டாலர் செலவாயிற்று. 836 சாலைப் பகுதிகள் அமைக்கப்பட்டன. கற்காரையின் கனம் 2½ அங்குலம் முதல் 12½ அங்குலம் வரை. படைவீரர்கள் இரவும் பகலும் லாரி ஓட்ட, 11,14,000 அச்சுச் சுமைகள் சாலையின்மீது சென்றன. கனமான பாளங்கள் நன்கு நின்றன என்பதும் உண்மை. கனத்துக்குப் பயனே இல்லை என்று கூறுவார் எவருமிலர். ஆயினும் கெட்டுப்போன கற்காரைப் பகுதிகளில், கேடு வருமுன் அடிப்படுகை நீரோடு வெளியேறியிருந்தது. படுகை இருந்ததால் நன்மை உண்டாயிற்று; அதைத் தடிப்பாக்கியதால் குறிப்பிடத்தக்க நன்மை காணப்படவில்லை. நீருக்கு வடிகால் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

இச்சோதனையிலிருந்து பிறந்த மற்றொரு விதி வரி விதிப்போரையும் லாரி முதலாளிகளையும் வழக்காட வைத்தது. அச்சின் சுமை இருமடங்கானால் சாலைக்கு வரும் கேடு இரு மடங்கன்று; ஏறத்தாழ பதினாறு மடங்கு. அப்படியானால் சாலையின் செலவில் யார் எவ்வளவு ஏற்பது? அவ்வழக்கு அமெரிக்காவில் நெடுங்காலம் நடந்தது.

ஒட்டாவாச் சோதனை ஒரே மண்ணில், ஒரே தட்பவெப்பத்தில், ஈராண்டே நடந்தது. எனினும் அதன் சூத்திரங்களைக் கொண்டு இருபதும் முப்பதும் ஆண்டு உழைக்க வேண்டிய சாலைகள் பல நாடுகளில் வகுக்கப்பட்டன. 2008-இல் அதே கழகம், பெயர் சற்று மாறிய நிலையில், புதிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஊரின் வெயிலும் மழையும், அடிமண், வண்டிகளின் அச்சுச் சுமை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, பாளங்களில் எத்தனை வெடிக்கும், இணைப்பில் ஒரு பாளம் மற்றதைவிட எவ்வளவு தாழும் என்பதை மாதந்தோறும் கூட்டிக் கணக்கிடுவது அதன் முறை.