புகையும் குளிரும்: சீனக் கைத்தொழிலாக்கத்தில் நகரமும் கிராமமும்

நவசீன இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான குவோ மோருவோ, 1920ஆம் ஆண்டில் யப்பானிலே மாணவராக இருந்தபோது, மொஜித் துறைமுகத்தைக் குன்றொன்றின்மேல் நின்று நோக்கிக் கவிதையொன்று இயற்றினார். ஆலைப் புகைபோக்கிகளிலிருந்து எழுந்த கரும்புகை அவருக்கு அழுக்காகத் தோன்றவில்லை. புதுயுகத்தின் அழகாகவே தோன்றிற்று. இன்று அக்கவிதையைப் படிக்கும் சூழலியலார் நகைக்கக்கூடும். ஆயின், கைத்தொழில் வலிமை இன்மையால் அயலாரின் பீரங்கிகளுக்குப் பணிய நேர்ந்த அரைக்குடியேற்ற நாடொன்றின் இளைஞனுக்குப் புகை விடுதலையின் அடையாளமாக இருந்தமை வியப்பன்று. 1949இன் பின்னர் பழைய பீஜிங் நகரைக் காக்க முயன்ற கட்டடக்கலை அறிஞர் லியாங் சூசெங், தியனன்மென் வாயிலில் நின்று பார்க்குமிடமெல்லாம் புகைபோக்கிகள் தெரிதல் வேண்டும் என்பதே தலைவர் மாஓவின் விருப்பம் எனத் தமக்குக் கூறப்பட்டதாக நினைவுகூர்ந்துள்ளார். கவிஞரின் கனவு அரசின் திட்டமாயிற்று.

சீனத்தின் சூழல் நெருக்கடி பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு முடிவுகளுள் ஒன்றினைச் சென்றடைவர். பொதுவுடைமைக் கட்சியின் ஆட்சி இயல்பாகவே இயற்கைக்குப் பகை என்பது ஒன்று. வளர்ச்சிக்கு எந்நாடும் கொடுத்தேயாக வேண்டிய விலை அது என்பது மற்றொன்று. இரண்டும் ஒரு வினாவை எழுப்பாமலே விட்டுவிடுகின்றன. அவ்விலையைக் கொடுத்தோர் யாவர்? இவ்வினாவோடு நோக்கின், சீன எரிபொருட் கொள்கையின் வரலாறு நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலான முரண்பாட்டின் வரலாறாகவே புலப்படுகின்றது.

இம்முரண்பாட்டைச் சீனத் தலைமை அறியாதிருந்தது எனக் கூறுவதற்கில்லை. 1956 ஏப்பிரலில் 'பத்துப் பெரும் உறவுகள்' பற்றி ஆற்றிய உரையில், சோவியத் நாடு பாரக் கைத்தொழிலுக்காக விவசாயிகளைக் கசக்கிப் பிழிந்தமையை மாஓ கண்டித்தார். இரண்டரை ஆண்டுகள் கழிவதற்குள் அதனிலும் கொடிய பிழிவு சீனத்தில் நிகழ்ந்தது. 1957இல் 53.5 இலட்சம் தொன்னாக இருந்த உருக்கு உற்பத்தியை 1958இல் 107 இலட்சம் தொன்னாக்குவது என அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் முடிவாயிற்று. ஏறத்தாழ 9 கோடி மக்கள் கிராமத்து மண் உலைகளுக்கு ஈர்க்கப்பட்டனர். நிலக்கரி கிடையாத இடங்களில் மரங்கள் வெட்டிக் கரியாக்கப்பட்டன, மலைச்சரிவுகள் மொட்டையாயின. சட்டிகளும் கதவுப் பூட்டுக்களுங்கூட உருக்கப்பட்டன. விளைந்த தானியம் அறுப்பாரின்றி வயலிற் கிடந்தது. மறு ஆண்டில் அரசே வெளியிட்ட திருத்தப்பட்ட கணக்கின்படி பயன்படத்தக்க உருக்கு 80 இலட்சம் தொன் மட்டுமே. 1959க்கும் 1961க்கும் இடையில் நிகழ்ந்த பஞ்சத்தில் மாண்டோர் தொகை ஒன்றரைக் கோடிக்குக் குறையாது என ஆய்வாளர் பலர் மதிப்பிடுவர். மாண்டோரிற் பெரும்பாலோர் அத்தானியத்தை விளைவித்த கிராமத்தவர்.

உலைகளுக்கு முன்னரே, 1958 சனவரியில், குடிப்பதிவு விதிகள் நடைமுறைக்கு வந்திருந்தன என்பது கவனிக்கற்பாலது. அனுமதியின்றி விவசாயி நகரிற் குடியேறுதல் அவ்விதிகளால் தடுக்கப்பட்டது. நகரத்தவனுக்கு உணவுப் பங்கீடும் வேலையும் உரியனவாக, கிராமத்தவன் தன் விளைச்சலையே நம்பியிருக்க வேண்டியவனானான். அதே ஆண்டில் நாடெங்கும் புதிய நாட்டார் பாடல்களைத் திரட்டும் இயக்கமொன்றும் நடந்தது. அவற்றுள் 300 பாடல்களை குவோ மோருவோவும் சோ யாங்கும் தொகுத்து 1959இல் வெளியிட்டனர். நாட்டார் வழக்காற்றை மக்களின் குரலெனப் போற்றும் நம் போன்றோர் இத்தொகுதியின்முன் சற்றுத் தயங்குதல் வேண்டும். உருக்கைப் போன்றே பாடலுக்கும் இலக்குத் தொகை விதிக்கப்பட்ட காலம் அது.

நகரத்தின் வசதி மற்றொரு வகையிலும் வரையறுக்கப்பட்டது. 1950களிலிருந்து, சின்லிங் மலைத்தொடரையும் ஹுவாய் நதியையும் இணைக்கும் கோட்டிற்கு வடக்கேயுள்ள நகரங்களுக்கு மாரியில் வெப்பமூட்டும் வசதி அரசால் வழங்கப்பட்டது. பெரிய கொதிகலன்களில் நிலக்கரி எரித்து, வெந்நீரைக் குழாய்வழி வீடுகளுக்கு அனுப்பினர். அரச நிறுவன ஊழியருக்கு அது ஏறத்தாழ இலவசம். கோட்டின் வடபுறத்துக் கிராமத்தவருக்கோ, அடுப்புப் புகை அடியிலே செல்லுமாறு செங்கல்லாற் கட்டிய 'காங்' என்னும் படுக்கையே தஞ்சம். வைக்கோலும் சுள்ளியும் பின்னர் மலிந்த நிலக்கரியும் அதற்கு எரிபொருள். இச்சலுகையிற் கசப்பான முரண் ஒன்றும் உண்டு. 1981 முதல் 2000 வரையிலான தரவுகளைக் கொண்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, கோட்டிற்கு வடக்கே வாழ்ந்தோரின் ஆயுள் எதிர்பார்க்கை தெற்கேயிருந்தோரதனிலும் ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள் குறைந்திருந்தது எனக் கணித்தது. 2017இல் வந்த மற்றோர் ஆய்வு அவ்விடைவெளி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் என்றது. குளிரினின்று காத்த புகையே நெஞ்சினுள் இறங்கியது.

சட்டங்களுக்குக் குறைவில்லை. ஸ்ரொக்ஹோம் மாநாட்டிற்கு மறு ஆண்டான 1973இல் முதலாவது தேசிய சூழல் பாதுகாப்பு மாநாடு பீஜிங்கிற் கூடியது. 1979இற் பரீட்சார்த்தச் சட்டம் வந்தது. கழிவை வெளியேற்றும் ஆலைகள் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தன. ஆயின் சுத்திகரிக்கும் செலவினும் கட்டணம் குறைவாயிருந்தமையால், பல ஆலைகள் கட்டணத்தைச் செலுத்திவிட்டு நதியிற் கழிவைக் கலப்பதையே இலாபமாகக் கண்டன. 1980களிற் கிராமங்களிலும் சிறு சுரங்கங்கள் பெருகின. 2002இல் மட்டும் நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 7,000 பேர் மாண்டனர். 2000இல் ஏறத்தாழ 140 கோடி தொன்னாக இருந்த நிலக்கரி உற்பத்தி 2013இல் ஏறத்தாழ 400 கோடி தொன்னாயிற்று.

அவ்வாண்டு சனவரியிற் பீஜிங்கைப் புகைமூட்டம் கவிந்தபோது, நகரத்து நடுத்தர வர்க்கத்தின் சினம் அரசை அசைத்தது. செப்ரெம்பரில் வெளியான செயற்றிட்டம், காற்றிலுள்ள நுண்துகளின் ஆண்டுச் சராசரியை, கன மீற்றருக்கு ஏறத்தாழ 60 மைக்கிரோகிராம் அளவுக்கு 2017இல் இறக்கவேண்டும் எனத் தலைநகருக்கு இலக்கு விதித்தது. 2013இல் அது 89.5ஆக இருந்தது. தலைநகரின் பேருருக்காலையான ஷோகாங் 2010 இறுதியிலேயே அங்கு உற்பத்தியை நிறுத்தி ஹெபெய் மாகாணக் கரையோரமான சாவ்பெய்தியனுக்குச் சென்றிருந்தது. புகை ஒழியவில்லை, இடம்பெயர்ந்தது. சீன உருக்கின் ஏறத்தாழக் காற்பங்கை உற்பத்திசெய்த ஹெபெய், 2013இல் நாட்டின் மிக மாசடைந்த பத்து நகரங்களுள் ஏழினைத் தன்னகத்தே கொண்டிருந்தது.

இலக்காண்டு நெருங்கியதும் அதிகாரிகளின் பார்வை கிராமத்து அடுப்பின்மேல் விழுந்தது. பீஜிங், தியன்ஜின் ஆகியவற்றையும் அயல் மாகாணங்களின் 26 நகரங்களையும் சூழ்ந்த பகுதிகளில், நிலக்கரியைக் கைவிட்டு இயற்கை வாயுவுக்கோ மின்னுக்கோ மாறுமாறு 30 இலட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் பணிக்கப்பட்டன. பழைய அடுப்புகள் அகற்றப்பட்டன. நிலக்கரி விற்பனை தடுக்கப்பட்டது. குழாய்கள் பல ஊர்களுக்கு உரிய காலத்தில் வந்துசேரவில்லை. வந்த இடங்களிலும் வாயு போதவில்லை. மானியம் கழித்தும் வாயுவின் செலவு நிலக்கரியினும் மிகுதி. ஹெபெயின் சூயாங் மாவட்டத்திற் கிராமத்துப் பாடசாலைப் பிள்ளைகள் குளிர்ந்த வகுப்பறைகளைவிட்டு முற்றத்து வெயிலில் அமர்ந்து படித்த செய்தி வெளிவந்தது. டிசெம்பர் முற்பகுதியில், மாற்றம் முடியாத இடங்களில் நிலக்கரியை எரிக்கலாம் என அமைச்சு அவசரமாக அறிவித்தது. பீஜிங்கின் ஆண்டுச் சராசரி 58ஆக இறங்கி, இலக்கு எய்தப்பட்டது.

இங்கு மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் தொகுதியில் நகரக் குவிவு பற்றி எழுதியதனைக் கருதுதல் தகும். மனிதனுக்கும் மண்ணுக்கும் இடையிலான பொருட்பரிமாற்றத்தை அக்குவிவு குலைக்கின்றது என்றார் அவர். உற்பத்திச் சாதனங்கள் அரசுடைமையானதும் இக்குலைவு தானே நீங்கும் எனக் கருதிய நம்மவர் பலர். உடைமை மாறியது, எதை எரிப்பது, எங்கே எரிப்பது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் விவசாயி 1958இலும் இல்லை, 2017இலும் இல்லை. எனவே, உடைமையைப் பற்றிப் பேசி முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பற்றிப் பேசாத பகுப்பாய்வு அரைகுறையானது என்பதே எனது துணிபு.

சூரிய மின்னில் இன்று சீனம் உலகிற் பெரிது. 2024இல் மட்டும் ஏறத்தாழ 277 கிகாவாற்று ஆற்றல் புதிதாகச் சேர்ந்தது. அதே ஆண்டில் நிலக்கரி உற்பத்தியும் 470 கோடி தொன்னைக் கடந்தது. 2013இன் திட்டம் தலைநகர்ப் பகுதியிற் புதிய நிலக்கரி அனல்மின் நிலையங்களைத் தடுத்தபின், அவை மேற்கேயும் வடக்கேயும், உள்மொங்கோலியா போன்ற மேய்ச்சல் நிலங்களுக்கும், நகர்ந்தன. அங்குள்ள சிலின்கோலில் 2011 மே மாதத்தில், புல்வெளியூடே சென்ற நிலக்கரி ஊர்திகளை மறித்த மேய்ப்பர் ஒருவர் ஊர்தி மோதி மாண்டார். மாணவரும் மேய்ப்பரும் வீதிக்கு வந்தனர். ஐந்தாண்டுகளின் பின்னர், சிலின்கோலிலிருந்து கிழக்குக் கரையிலுள்ள ஷாண்டோங் மாகாணம்வரை செல்லும் 1000 கிலோவோற்று மின்தொடர் இயங்கத் தொடங்கியது.