ரஞ்சன்குடி

ரஞ்சன்குடி என்பது தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டத்தில், பெரம்பலூருக்கு வடக்கே சென்னை – திருச்சிராப்பள்ளி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் ஆகும். இங்குள்ள கோட்டையால் இவ்வூர் அறியப்படுகிறது. 1995-ஆம் ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது.

அமைவிடம்

காவிரிக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட வறண்ட நிலப்பகுதி இது. ஆற்றுப் பாசனம் இல்லாததால் ஏரி, கிணறு, மழை ஆகியவற்றை நம்பியே வேளாண்மை நடக்கிறது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை இவ்வட்டாரத்தின் முதன்மைப் பயிர்கள். தெற்கே, வாலீசுவரர் கோயில் அமைந்த வாலிகண்டபுரம் உள்ளது.

சமவெளியில் தனித்து எழும் பாறைக்குன்றும், அதன் அருகே தெற்கு வடக்காகச் செல்லும் பெருவழியுமே இவ்வூரின் வரலாற்றைத் தீர்மானித்தன. ஆற்காட்டிலிருந்து திருச்சிக்குச் செல்லும் படைகளை இக்குன்றிலிருந்து கண்காணிக்க முடிந்தது.

கோட்டை

இக்கோட்டை 17-ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவரால் கட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது. செதுக்கிய கற்களால் ஆன மதில்கள் குன்றின் அடிவாரம் முதல் உச்சி வரை மூன்று அடுக்குகளாக அமைந்துள்ளன. அரைவட்டக் கொத்தளங்களும் அகழியும் இதற்கு வலுச் சேர்த்தன. கீழ்ப்பகுதி பேட்டை என்றும், மேற்பகுதி கோட்டைமேடு என்றும் அழைக்கப்படுகின்றன.

1751-ஆம் ஆண்டுப் போர்

கர்நாடக நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதினர். முன்னவரை ஆங்கிலேயரும் பின்னவரைப் பிரெஞ்சுக்காரரும் ஆதரித்தனர். 1751-இல் சந்தா சாகிபு திருச்சியை நோக்கி வந்தபோது, கேப்டன் ஜிஞ்சன் தலைமையிலான ஆங்கிலப் படை அவரை இங்கே தடுக்க முயன்றது. ஆங்கிலேயர் இவ்விடத்தை வாலிகொண்டா என்று குறிப்பிட்டனர்.

கோட்டைத் தலைவர் இரு தரப்புடனும் பேச்சு நடத்தி, யாருக்கும் கதவைத் திறக்காமல் நாட்களைக் கடத்தினார். பொறுமையிழந்த ஆங்கிலேயர் கோட்டையை அடுத்திருந்த ஊரைத் தாக்கித் தீயிட்டனர். ஆனால் கோட்டையைப் பிடிக்க இயலவில்லை. பின்னர் சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுப் படையும் நெருங்கியதும் ஆங்கிலப் படை கலைந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. இரு பேரரசுகளின் போட்டியில் முதலில் எரிந்தது அதில் பங்கில்லாத மக்களின் குடியிருப்பே.

இத்தோல்வியால் திருச்சி முற்றுகைக்கு உள்ளானது. அம்முற்றுகையைத் தளர்த்தவே, இப்படையெடுப்பில் உடனிருந்த இராபர்ட் கிளைவ் அதே ஆண்டு ஆகத்து இறுதியில் சுமார் 500 வீரர்களுடன் ஆற்காட்டுக்குப் புறப்பட்டார். ஆற்காட்டு வெற்றியைப் பேசும் பாடநூல்களில், அதற்கு முன் நிகழ்ந்த இத்தோல்வி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இன்றைய நிலை

கோட்டை தற்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. படைகள் சென்ற அதே திசையில் இன்று நெடுஞ்சாலை செல்கிறது. அதில் பயணிப்போர் சாலையிலிருந்தே மதில்களைக் காணலாம்.