‘இல்லாதிருந்தால்’ என்னும் ஒரு சொல்

காப்பீட்டு ஒப்பந்தங்களை யாரும் இலக்கியமாகப் படிப்பதில்லை. பெரும்பாலோர் படிப்பதே இல்லை. ஆயினும், ஒரு சொற்றொடருக்கு எவ்வாறு பொருள் கொள்வது என்ற பழைய வினா 2020ஆம் ஆண்டில் பிரித்தானியச் சிறு வணிகர் பலருடைய பிழைப்பையே தீர்மானிக்கும் வினாவாயிற்று. அதற்கு விடை கண்ட வழக்கின் வரலாறு, சட்டத் துறைக்கு வெளியே இருப்பவர்களும் அறியத் தக்கது.

2020 மார்ச் 5 அன்று, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோய்களின் வரிசையில் இங்கிலாந்து கோவிட்-19ஐச் சேர்த்தது. மார்ச் 20 அன்று மதுக்கூடங்களையும் உணவகங்களையும் மூடுமாறு அரசு பணித்தது. 23 அன்று பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டது. வருவாய் நின்றது, வாடகை நிற்கவில்லை. அப்போதுதான் பலர் தாங்கள் எடுத்திருந்த வணிகத் தடைக் காப்பீட்டின் தாள்களைப் பிரித்துப் பார்த்தனர்.

கடை மூடிக் கிடக்கும் நாட்களில் வராமற்போன வருமானத்தை ஈடுசெய்வதே இவ்வகைக் காப்பீடு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் தீ, வெள்ளம் போன்றவற்றால் முதலில் பொருட்சேதம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அத்தகைய ஒப்பந்தம் உடையோருக்குப் பெருந்தொற்றில் வழியில்லை. ஆனால் வேறு சிலவற்றில் கூடுதல் பிரிவுகள் இருந்தன. கடையைச் சுற்றி 25 மைல் தொலைவுக்குள் அறிவிக்கத்தக்க நோய் தோன்றி, அதன் விளைவாக வணிகம் தடைப்பட்டால் இழப்பீடு உண்டு என்பது அவற்றுள் ஒரு வகை.

நோய் தோன்றியது, கடையும் மூடப்பட்டது. பின் என்ன தடை? காப்பீட்டு நிறுவனங்கள் ஒரு வினாவை எழுப்பின: ‘உங்கள் 25 மைல் வட்டத்துக்குள் நோய் இல்லாதிருந்தால் கடை திறந்திருக்குமா? நாடெங்கும் நோய் இருந்ததால் எப்படியும் மூடப்பட்டிருக்குமே. ஆகவே உங்கள் வட்டத்து நோய் உங்கள் இழப்புக்குக் காரணம் அன்று.’ இதன் விளைவு விந்தையானது. நோய் ஓர் ஊரோடு நின்றால் இழப்பீடு கிடைக்கும். நாடெங்கும் பரவினால் ஒருவருக்கும் கிடைக்காது.

இவ்வாதத்துக்கு ஒரு முன்தீர்ப்பின் பலமும் இருந்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சிதைத்தது. அங்கே ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான விடுதி ஒன்றும் சேதமுற்று மூடப்பட்டது. விடுதி சேதமுறாதிருந்தாலும், பாழ்பட்ட நகருக்கு விருந்தினர் வந்திருக்க மாட்டார்கள் என்று சொல்லி, ஒப்பந்தத்தின் முதன்மைப் பிரிவின்படி இழப்பீடு இல்லை என இலண்டன் நடுவர் மன்றம் முடிவு செய்தது. 2010இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. நடுவர்களுள் ஒருவர் ஜார்ஜ் லெக்காட். உறுதிப்படுத்திய நீதிபதி ஹாம்ப்ளென். இவ்விரு பெயர்களையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தனியொரு உணவக உரிமையாளர் இத்தகைய முன்தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை செல்வது எளிதா? கையில் பணமில்லாத காலம் அது. இந்த நிலையில்தான் நாட்டின் நிதி நடத்தை ஆணையம் தலையிட்டது. பாலிசிதாரர்களின் பக்கம் நின்று, 2020 ஜூனில், எட்டுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு எதிராக ஒரு முன்மாதிரி வழக்கைத் தொடுத்தது. 21 வகை ஒப்பந்த வாசகங்கள் மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டன. ஏறத்தாழ 700 வகை ஒப்பந்தங்களும் 3,70,000 பாலிசிதாரர்களும் இதன் முடிவால் பாதிக்கப்படக்கூடும் என்பது ஆணையத்தின் மதிப்பீடு. ஹிஸ்காக்ஸ் நிறுவனத்தின் பாலிசிதாரர்கள் தனியே ஒன்று திரண்டு, தங்கள் வழக்கறிஞர்களோடு வழக்கில் இணைந்துகொண்டனர்.

செப்டம்பர் 15 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு வெளியாயிற்று; அது பெருமளவு பாலிசிதாரர்களுக்குச் சாதகமாக இருந்தது. இடைப்பட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தைத் தாண்டி, வழக்கு நேரே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2021 ஜனவரி 15 அன்று இறுதித் தீர்ப்பு வழங்கப்பட்டது.

‘இல்லாதிருந்தால்’ என்ற சோதனை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று தீர்ப்பு விளக்கியது. அதற்குச் சொன்ன உவமை எளியது. இருபது பேர் கூடி ஒரு பேருந்தை மலை விளிம்பிலிருந்து தள்ளிவிடுகின்றனர். பதின்மூன்று பதினான்கு பேரே போதும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ‘நான் இல்லாதிருந்தாலும் பேருந்து விழுந்திருக்கும்’ என்று சொன்னால், தள்ளியவர் எவரும் இல்லை என்றாகிவிடும். அவ்வாறே, அரசின் ஆணைக்கு நாட்டில் அதுவரை நிகழ்ந்த ஒவ்வொரு நோய்த்தொற்றும் சமமான காரணமே. ஆகவே 25 மைல் வட்டத்துக்குள் ஒருவருக்கு நோய் இருந்தாலும் போதும். காப்பீட்டு நிறுவனங்களின் வாதத்தை ஏற்றால், மிகவும் தேவைப்படும் வேளையில் காப்பீடு வெறும் மாயையாகிவிடும் என்று நீதிபதி பிரிக்ஸ் தனியே எழுதினார்.

முதன்மைத் தீர்ப்பை எழுதியவர்கள் ஹாம்ப்ளென், லெக்காட் ஆகிய இருவரே. பத்தாண்டுகளுக்கு முன் தாங்கள் கண்ட முடிவு பிழையானது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் தீர்ப்பை அவர்கள் நீக்கினர். முந்தைய உரையாசிரியரைப் பின்னவர் மறுப்பது நம் உரைமரபில் இயல்பு. தம் உரையைத் தாமே, அதுவும் நாடறிய மறுப்பது எங்கும் அரிது.

இத்தீர்ப்பு எல்லாருக்கும் பணம் பெற்றுத் தந்துவிடவில்லை. பொருட்சேதத்தை நிபந்தனையாக உடைய ஒப்பந்தங்கள் அப்படியே இருந்தன; தொகையைக் கணக்கிடும் பூசல்கள் பின்னரும் நீதிமன்றங்களுக்குச் சென்றன. எனினும் அதன் தர்க்கம் நிலைத்தது. மைல் கணக்கு இன்றி ‘கடைக்குள்ளேயே நோய்’ என்று மட்டும் சொல்லும் பிரிவுகளுக்கும் அதே தர்க்கம் பொருந்தும் என்று 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது.

நியூ ஆர்லியன்ஸ் விடுதிக்கு அளித்த விளக்கம் பத்தாண்டுக் காலம் உச்ச நீதிமன்றத்தின் சோதனைக்கு உட்படாமலே இருந்தது. எழுதப்பட்ட சொல்லுக்கு நியாயமான பொருள் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பொருளை இறுதிவரை எடுத்துச் சென்று வாதிட வலிமையுள்ள ஒருவரும் வேண்டும். சிறு வணிகர்களுக்கு அந்த வலிமையை இம்முறை ஒரு பொது அமைப்பு அளித்தது.